பன்னிரண்டு கிலோ என்று சொல்லப்பட்ட பை

1

முதலில் இது ஒரு கட்டுரை. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எலும்பு ஏன் மெலிகிறது, அதற்கு எடை தூக்கும் பயிற்சி எப்படி உதவுகிறது என்று மகளிர் இணைப்பிதழ் ஒன்றுக்கு எழுதித்தரச் சொல்லியிருந்தார்கள். கட்டுரையோடு போடப்போகும் படத்தையும் இணைப்பிதழின் ஆசிரியை முன்கூட்டியே அனுப்பிவிட்டார். நரையே இல்லாத ஓர் அம்மாள், ரோஸ் நிறத்தில் பொம்மை மாதிரி ஓர் எடையைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அவளுக்கு முப்பது வயது தாண்டியிருந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

தகவல் திரட்ட ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். வாசலை ஒட்டி இருந்த எடைமேடையில் ஒரு பெண் ஒரு துணிப்பையை வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். பையை எடுத்துவிட்டு வெறும் மேடையை ஒரு தட்டுத் தட்டினாள். மறுபடி வைத்தாள். அதே எண். பையை அங்கேயே விட்டுவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதை முறைக்க ஆரம்பித்தாள். வயது ஐம்பத்தெட்டு இருக்கலாம். அழவில்லை. அந்த முறைப்புக்கு மேடைக்குக் கால் இருந்திருந்தால் இறங்கி ஓடியிருக்கும்.

நான் பார்த்தது அவ்வளவுதான். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இனி வரப்போகும் கடை, கணவர், பைக்குள் இருந்த சமாசாரம் எல்லாம் நான் இட்டுக்கட்டியது. கோபத்தை மட்டும் இட்டுக்கட்டவில்லை. பாதி அவளுடையது, மீதி என்னுடையது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"மாலை வெயில் திரைச்சீலையில் பட்டு அவள் முகத்தில் பொன்னாக—"

வேண்டாம். ஐம்பத்தெட்டு வயதுக்காரி என்றாலே எதற்கு மாலை வெயில்? காலையில் அவளுக்கு வேலைவெட்டி இல்லையா?

இரண்டாவது முயற்சி:

"அவள் குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று—"

இதை எழுதியதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். கதைகளில் இந்த வயதுப் பெண்களுக்கு வேறு உத்தியோகமே கிடையாதா? ஒன்று விழவேண்டும், அல்லது படுக்கையில் கிடந்து பிள்ளைகளை ஒன்றுசேர்க்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்தால்தான் கதை நகரும் என்றால் அந்தக் கதை நகரவே வேண்டாம். நீங்களும் உள்ளுக்குள் எதிர்பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள், எப்போது விழுவாள் என்று? சொல்லிவிடுகிறேன். கதை தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை விழுந்தாயிற்று, மணிக்கட்டு முறிந்து கூடியும் ஆயிற்று. இனி விழமாட்டாள். இதற்கு நான் பொறுப்பு.

3

அவளைக் கடையில் எல்லோரும் கட்டிங் அக்கா என்பார்கள். திரைச்சீலையும் சோபா மெத்தையும் தைத்துக் கொடுக்கும் கடை. பின்கட்டில் பத்தடி நீளத்துக்கு ஒரு மேஜை, அதன் ஓரம் முழுக்க அளவுக்கோடு. சுவரோடு இரும்பு அடுக்கு, அதில் துணி ரோல்கள். வெயில் புகாத கெட்டித்துணி ரோல் ஒன்றை அடுக்கிலிருந்து இழுத்து, மார்போடு அணைத்து, மேஜையில் உருட்டிவிட்டு, நூல் பிசகாமல் வெட்டுவது அவள் வேலை. இருபத்தெட்டு வயதில் பிடித்த கத்திரி. அவள் வெட்டிய துணியில் கோணல் என்று யாரும் திருப்பிக் கொண்டுவந்தது இல்லை.

ஒரு நாள் கடைத் தரையில் சிந்தியிருந்த தண்ணீரில் கால் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட டாக்டர், இவ்வளவு லேசாக விழுந்ததற்கு முறியக்கூடாதே என்று எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அடர்த்தி குறைவு என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். பிறகு அவளை விட்டுவிட்டு அவள் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

"எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க."

எலும்பு யாருடையது, பேச்சு யாரிடம்? அதை விடுங்கள். எதுக்கும் என்றால் எதற்கு? நடப்பதற்கா, நிற்பதற்கா, மூச்சு விடுவதற்கா? அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வீடும் ஒரு கடையும் அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்க ஆரம்பித்தன.

வீட்டில் தண்ணீர் வாளி அவள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போனது. மாவு டப்பா சிறியதாயிற்று. மகள் பிள்ளையோடு வந்தால், பிள்ளையை அவள் மடியில் உட்காரவைத்தார்களே தவிர, தூக்க விடவில்லை. கடையில் முதலாளி, தன் அப்பா காலத்துக்குப் பிறகு கடையைப் பார்த்துக்கொள்ளும் நல்ல பையன், அவளுக்கு முதுகு சாயும் நாற்காலி ஒன்று வாங்கி முன்கட்டில் போட்டான். திரைச்சீலைக்கு வளையம் கோக்கும் வேலை. மேஜைக்கு வேறு ஆள் வந்தான்.

"உக்காந்துக்கிட்டே பாக்கலாம்க்கா. உங்க நல்லதுக்குத்தான்," என்றான் முதலாளி.

முப்பது வருஷம் ரோல் ரோலாகத் தூக்கியபோது ஒருவரும் உங்க நல்லது என்று வாயைத் திறக்கவில்லை. வீட்டில் இரண்டு பிரசவம், மாமியாரைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைத்த ஏழு வருஷம். அப்போதெல்லாம் பெண்பிள்ளை என்றால் தூக்கத்தான் வேண்டும். இப்போது, தூக்கினால்தான் உடம்புக்கு நல்லது என்று ஆகிவிட்ட இந்த வயதில், ஒரு துரும்பை எடுத்துப் போட விடமாட்டேன் என்கிறார்கள்.

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. தண்ணீர் கேன் வந்திருந்தது. நான் அதைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது என் மகன் ஓடிவந்து, "விடும்மா, விடும்மா, இடுப்பு புடிச்சுக்கப் போகுது" என்று பிடுங்கிக்கொண்டான். எனக்கு ஐம்பத்தொன்று. அவனுக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது. சொன்னால் கோபித்துக்கொள்வான்.)

4

மணிக்கட்டுக்குப் பயிற்சி சொல்லித்தந்த பிசியோ பெண்தான் முதன்முதலில் வேறு மாதிரி பேசியது.

"எலும்பு வேலை கேக்கும்மா. பாரம் குடுத்தா, ஓ இங்க நம்ம தேவைப்படறோம்னு கெட்டியாகும். ஒண்ணுமே குடுக்கலேன்னா, சரி நம்மள யாரும் தேடலன்னு கரைஞ்சுக்கிட்டே போகும்."*

"அப்ப நான் ரோல் தூக்கலாமா?"

"இன்னிக்கேவா? கொஞ்சத்துல ஆரம்பிங்க. முதுகை வளைக்காதீங்க, இடுப்பைப் பின்னாடி தள்ளி உக்காந்து எந்திரிங்க. மாசாமாசம் கூட்டுவோம். ஒரு வருஷம் பொறுங்க."

ஒரு வருஷம். அவள் அன்றைக்கே கடையில் மிஞ்சிய துண்டுத்துணியில் கைப்பிடி வைத்து ஒரு பை தைத்தாள். உள்ளே போட, ஒவ்வொன்றும் ஒரு கிலோ என்று சின்னச் சின்ன மண்பொட்டலங்கள். சமையலறைத் தராசில் நிறுத்து, வாயை நெருக்கமாகத் தைத்து, பைக்குள் அடுக்கினாள். கனம் கூட்டவேண்டிய மாதம் மேலே இன்னொரு பொட்டலம். அடியில் கிடந்தவற்றை வெளியே எடுக்கவேண்டிய அவசியமே வரவில்லை. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க இந்தச் சோம்பேறித்தனத்தில்தான் நிற்கிறது.

* மாதவிடாய் நின்ற முதல் சில வருஷங்களில் எலும்பு வேகமாகக் குறைகிறது. நடை, படியேற்றம், எடை தூக்குதல் என்று எலும்பு பாரம் தாங்கும் பயிற்சிகள் அந்தக் குறைவை மட்டுப்படுத்தும், சிலருக்குக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். குறையாமல் நின்றாலே ஜெயித்த மாதிரி. மருந்து வேண்டியவர்களுக்கு மருந்தும் வேண்டும், சொல்லித்தர ஓர் ஆளும் வேண்டும். கட்டுரைக்காக நான் சேர்த்தது இவ்வளவே. அந்த ரோஸ் பொம்மை எதற்கு என்று இன்னும் விளங்கவில்லை.

5

கணவர் விஷயத்தில்தான் மூன்று நாள் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டேன்.

முதலில் அவரைக் குடிகாரராக எழுதினேன். "அவர் தள்ளாடியபடி—" அடித்துவிட்டேன். பிறகு கஞ்சன். அடித்துவிட்டேன். கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம். இரண்டு திட்டுத் திட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அவர் கெட்டவராக அமைய மறுக்கிறார். பெண்டாட்டி கை முறிந்த நாளிலிருந்து சமையலும் துணி துவைப்பதும் அவர்தான். அவள் மாத்திரையை ஒரு வேளை தவறவிட்டதில்லை. நல்ல மனுஷன். அதுதான் வம்பு.

அவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாளெல்லாம் லிஃப்டைத் தாங்கும் கம்பிவடத்தை விரலால் தடவித் தேய்மானம் பார்த்தவர். எட்டுப் பேர் என்று எழுதியிருக்கும் லிஃப்டில் ஐந்தாவது ஆள் ஏறினால் இவர் இறங்கிவிடுவார். அவர் தொழிலில் சட்டம் ஒன்றே ஒன்று: தேய்ந்ததில் பாரம் ஏற்றாதே. ஸ்கேன் படத்தைப் பார்த்தபோது அவருக்கு அது எலும்பாகத் தெரியவில்லை, கம்பிவடமாகத் தெரிந்தது. கம்பி ஒருமுறை தேய்ந்தால் தேய்ந்ததுதான், தானாக வளராது. எலும்பு வளரும். இந்தச் சின்ன வித்தியாசம் அவர் கைக்குப் பிடிபடவில்லை.

அவள் காலையில் கூடத்தில் நின்று பையைத் தூக்கும்போது அவர் பக்கத்தில் நின்று எண்ணுவார். மூன்றாவது வாரம் அவள் கைகள் நடுங்கின. அன்றைக்கு அவள் கடைக்குப் போனதும் அவர் அடிப்பொட்டலத்தை எடுத்தார். தையலைப் பிரித்தார். மண்ணில் முக்கால்வாசியைக் கொட்டினார். மெத்தை தைத்தது போக அவள் கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பஞ்சுத் துண்டுகளை நடுவில் திணித்து, தொட்டால் தெரியாதபடி சுற்றிலும் கொஞ்சம் மண் போட்டு, அவள் தைத்த மாதிரியே தைத்து உள்ளே வைத்தார்.

பிறகு ஒவ்வொரு பொட்டலமாக. அவசரமே படாமல், ஒரே நாளில் தெரிந்துவிடாதபடி. அவள் மேலே ஒன்று சேர்க்கச் சேர்க்க, இவர் கீழே ஒன்றைக் காலி செய்துகொண்டே வந்தார்.

அவளுக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை. போன மாதம் மூச்சு வாங்கிய கனம் இந்த மாதம் கிள்ளுக்கீரையாக இருந்தது.

"ஏங்க, பன்னெண்டு கிலோ. ஒத்த நடுக்கம் இருக்கா பாருங்க."

அவர் கை தட்டினார்.

6

வருஷம் முடிந்தது. அவள் கடையில் முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, அந்தக் கீழடுக்குல பாதி தீந்த ரோல் இருக்குல்ல. அது பன்னெண்டு கிலோ சொச்சம். நான் எடுத்து மேஜையில வெச்சுட்டா, மறுபடி கத்திரி எனக்கு. சரியா?"

"எதுக்குக்கா இந்தப் பந்தயமெல்லாம்?"

"சரியா, இல்லையா?"

"சரிக்கா."

கடையில் எல்லோரும் வந்து நின்றார்கள். மேஜைக்கு வந்த புது ஆள் தன் கத்திரியை ஓரமாக வைத்துவிட்டு இடம் விட்டான். அவள் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். கால் அகட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகு நேராக. ரோல் முழங்கால்வரை வந்தது. அங்கே நின்றது. மேலே வரவில்லை. இன்னொரு மூச்சு இழுத்துப் பார்த்தாள்.

(விழவைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எனக்குத் தெரியும். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

அவள் ரோலை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தாள். அதைக்கூட ஒழுங்காகச் செய்தாள்.

"விடுங்கக்கா. வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல," என்றான் முதலாளி. அன்பாகத்தான் சொன்னான். முன்கட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் அன்றைக்கு முழுக்க வளையம் கோத்தாள். ஒரு வருஷம் நம்பிய உடம்பு எல்லார் முன்னாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று நினைத்து, அந்த உடம்பை வாய்க்கு வந்தபடி மனதுக்குள் திட்டினாள். எனக்கு வயிறு எரிவது இங்கேதான். ஒரு குற்றமும் செய்யாத உடம்பு அது.

7

மறுநாள் அவள் பையோடு பிசியோவிடம் போனாள். எடைமேடையில் வைத்தாள். நான் பார்த்தது இதைத்தான், உங்களிடம் முதலிலேயே சொன்னேன். மேடை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் பையைக் கவிழ்த்தாள். பொட்டலங்களை வரிசையாக வைத்து, தையல் பிரிக்கும் ஊசியை எடுத்தாள். பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. தையல்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. இடதுகைக்காரர் தைத்தால்தான் அப்படிச் சாயும். அந்த வீட்டில் இடதுகைக்காரர் ஒருவர்தான்.

அவர் மளிகைப் பையோடு உள்ளே வந்தபோது மேஜைமேல் பஞ்சு குவிந்து கிடந்தது.

"எப்பலேர்ந்து?"

அவர் மளிகைப் பையைக் கீழே வைக்காமல் நின்றார்.

"எப்பலேர்ந்துங்க?"

"மூணாவது வாரம். உன் கை நடுங்குச்சு. என்னால பாக்க முடியல."

"நடுங்கத்தான் செய்யும். நடுங்கினாத்தான் உள்ள வேலை நடக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நீங்களும் கேட்டுக்கிட்டுதான இருந்தீங்க?"

"கம்பி அறுந்து நான் பாத்திருக்கேன். நீ பாத்ததில்ல. தேஞ்சதுல லோடு ஏத்தக்கூடாது."

"நான் கம்பியா?"

அவர் மளிகைப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நேத்து கடையில பன்னெண்டு கிலோன்னு நம்பிப் போய் நின்னேன். சுத்தி நின்னு பாத்தாங்க. நம்பி வெடுக்குனு இழுத்திருந்தா, முதுகு என்னாயிருக்கும்? அது பாதுகாப்பா உங்களுக்கு?"

"நீ சந்தோஷமா இருந்தே," என்றார் அவர். "தினமும் தூக்கி முடிச்சதும் உன் முகத்தப் பாப்பேன். கனம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, இந்தச் சந்தோஷம் போதாதான்னு..."

அவள் ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து அவர் பக்கமாக மேஜையில் தள்ளினாள்.

"மண்ண எடுத்தது கூடப் போகட்டும். பயந்துட்டீங்கன்னு வெச்சுக்கறேன். பக்கத்துல நின்னு எண்ணினீங்க. கை தட்டினீங்க. ஒரு வருஷம்."

8

இணைப்பிதழ் ஆசிரியையிடம் கட்டுரைக்குப் பதில் கதை வருகிறது என்று சொல்லி இதுவரை படித்துக் காட்டினேன். "நல்லாதான் இருக்கு. கடைசில கொஞ்சம் பாசிட்டிவா முடிச்சிடுங்க," என்றார். சரி, முயற்சி செய்தேன்.

முடிவு அ: அவர் கண்கலங்குகிறார். அவள் அவர் கையைப் பற்றி, "உங்க அன்பு எனக்குத் தெரி—"

அவளால் சொல்ல முடியவில்லை. எனக்கும் கை வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஆம்பளை கண்ணீர் விட்டதும் கணக்குத் தீர்ந்துபோக வேண்டுமா? அவள் கண்ணீருக்கு யார் கணக்குத் தீர்த்தார்கள்?

முடிவு ஆ: அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போகிறாள். எனக்குப் பிடித்திருந்தது. அங்கே போனால் மகள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "நீ எதுக்கும்மா தூக்கறே?" என்பாள். அடித்துவிட்டேன்.

முடிவு இ: அவள் விழுகிறாள், அவர் திருந்துகிறார். இதை எழுதிப் பார்க்கக்கூட இல்லை. ஒரு ஆண்பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர என் கட்டிங் அக்காவின் இடுப்பெலும்புதான் கிடைத்ததா?

9

எனக்குத் தெரிந்தவரை நடந்தது இது.

அவள் பஞ்சையெல்லாம் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள். மீதி இருந்த மண்ணைத் தராசில் நிறுத்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு தான் நிஜமாக எங்கே நிற்கிறாள் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்தது. அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, நாலு பொட்டலத்தைப் புதிதாகத் தைத்தாள். அப்புறம் வாசலில் கட்டடவேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் கேட்டு வாங்கி, நாலாவதில் குறைந்ததை நிரப்பி, ஐந்தாவது ஒன்று.

மறுநாள் கடையில் முதலாளியிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"தம்பி, முந்தாநேத்து நான் தூக்காதது வயசால இல்ல. எனக்குப் பயிற்சியே நடக்கல. அடுத்த வருஷம் இதே ரோலை மறுபடி தூக்குவேன். அதுவரைக்கும் அந்த மேஜையை யாருக்கும் எழுதிக் குடுத்துடாதீங்க."

அவன் சரி என்றானா, சிரித்தானா என்று எனக்குத் தெரியாது. அவள் நின்று பார்க்கவில்லை.

இப்போது காலை. கூடம். ஐந்து கிலோப் பை தரையில் இருக்கிறது. அவள் கால் அகட்டி நிற்கிறாள். அவர் சமையலறை வாசலில். எண்ணுவதற்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அவள் இடுப்பைப் பின்னால் தள்ளி, கைப்பிடியைப் பிடித்து, எழுகிறாள். பை எழுகிறது. கை நடுங்குகிறது. அவர் இரண்டு எட்டில் ஓடிவந்து பைக்குக் கீழே கையை நீட்டிவிட்டார்.

"கையை எடுங்க," என்கிறாள் அவள்.

இதற்குமேல் நான் எழுதமாட்டேன். எழுதினால் அவரைக் கையை எடுக்கவைத்து நல்லவராக்கிவிடுவேன். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை, அவருக்கு அந்தச் சலுகை கொடுக்க இஷ்டமில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவர் எடுக்கிறாரா, எடுக்காமல் நிற்கிறாரா, அவள் அவரோடு இருக்கிறாளா, போகிறாளா, எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். ஆனால் எழுதும்போது, உங்களுக்கு அவள்மேல் இரக்கம் வரும். கை நடுங்குகிறதே, பாவம், ஐந்தை மூன்றாக்கிவிட்டால் என்ன, கதைதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும்.

அந்தப் பையைத் தொடாதீர்கள்.